மேலக் கோபுர வாசலில் ஒரு களவு

அத்தியாயம் 6

லாக்கப்புக்குள் ஸ்டீவ் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ரூத் கொண்டுபோன இட்லிப் பொட்டலத்தை அவன் பிரிக்கவே இல்லை.

"அந்தப் பொம்பள எங்கடா? தெரிஞ்சா சொல்லிருடா. ஒன்னக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"தெரியாதுக்கா."

"சாயந்தரத்துக்குள்ள ஒன்னைக் கொலைகாரன்னு எழுதிருவாங்கடா."

"அக்கா, நீ வீட்டுக்குப் போ. அம்மாவப் பாத்துக்க."

கம்பிக்கு அப்பால் அவனுடைய உள்ளங்கால் இரண்டும் ரூத்தின் கண்ணுக்கு நேராக இருந்தன. வீங்கிப் போய், கொப்புளம் வெடித்து, பார்க்க முடியவில்லை. பாதி லத்தி செய்தது. மீதி வெயில் செய்தது. வெறுங்காலோடு கோவில் வாசலிலிருந்து ஸ்டேஷன் வரை நடத்திக் கூட்டி வந்திருந்தார்கள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு டீச்சர் ரூத். போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இறங்கும்போது அவளுக்குத் தெரிந்த ஒரே பெயர், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிக் கொடுத்த பெயர்தான்: ஹம்சவேணி.

விளக்குத்தூணுக்குப் பக்கத்தில், ஜரிகைக் கடை மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். ஹம்சவேணி போலீஸில் ஏட்டாக இருந்து, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவள். ஐம்பதைத் தொடும் வயது. நூல் புடவை, கட்டம் போட்ட கைக்குட்டை, நெற்றியில் நாமக்கோடு. அவளுக்கு ஒரு உதவியாளன், சங்கிலி. ஆட்டோவும் அவனுடையதுதான், வாயும் அவனுடையதுதான். இரண்டுக்கும் பிரேக் கிடையாது.

ரூத் அழுதுகொண்டே சொன்னதை ஹம்சவேணி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

சேலத்திலிருந்து விஜய்ஆனந்த் என்ற சௌராஷ்டிர வெள்ளி வியாபாரி, மனைவி ரம்யாஸ்ரீயோடு மதுரை சுற்றிப் பார்க்க வந்தான். மகால் பார்த்தார்கள், தெப்பக்குளம் பார்த்தார்கள். நேற்றுக் காலையில் கோவில் கிழக்கு வாசலில் ஸ்டீவைக் கைடாகப் பேசிக்கொண்டார்கள். ஆயிரங்கால் மண்டபம் வந்ததும் புருஷன்காரன் சிகரெட் பிடிக்க வெளியே வந்துவிட்டான். நடை சாத்துகிற நேரம் வரைக்கும் கிழக்கு வாசலில் நின்றான். ஸ்டீவ் மட்டும்தான் வெளியே வந்தான். 'கூட்டத்துல அம்மாவத் தவற விட்டுட்டேன் சார்' என்றான். முப்பது பவுன் நகைக்கு ஆசைப்பட்டுக் கைடு தன் மனைவியை என்னவோ செய்துவிட்டான் என்று விஜய்ஆனந்த் புகார் கொடுத்துவிட்டான்.

"சாயந்தரம் ஆறு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் வீட்டுல ஆஜர்பண்ணப் போறாங்களாம்மா. அதுக்குள்ள அந்தப் பொண்ணு கிடைக்கலேன்னா கொலைன்னு எழுதுவேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு."

ஹம்சவேணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒன் தம்பி செருப்பு எங்க?"

ரூத்துக்குப் புரியவில்லை. "கோவில்ல தொலஞ்சிருக்கும்மா."

"கோவிலுக்குள்ள போனாப் புண்ணியம் வரும் டீச்சர், வெளிய வந்தாச் செருப்பு வராது. இது ஊர் அறிஞ்ச சட்டம்" என்றான் சங்கிலி.

"வெளியூர்க்காரன் தொலைப்பான்டா. தினம் நாலு தடவ கோவிலுக்குள்ள போயிட்டு வர்ற கைடு தொலைக்க மாட்டான்." ஹம்சவேணி எழுந்து குடையை எடுத்தாள். "வண்டிய எடு."

* * *

கிழக்கு வாசல் செருப்புக் கடையில் ரம்யாஸ்ரீயின் செருப்பு டோக்கனோடு அப்படியே இருந்தது. குதி உயர்ந்த, மெல்லிய வார் வைத்த செருப்பு. போலீஸ் அதை வந்து பார்த்துவிட்டுத்தான் போயிருந்தது. செருப்பு உள்ளேயே இருப்பதால் ஆளும் உள்ளேயேதான் செத்துக் கிடக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டி, பொற்றாமரைக் குளத்தில் ஆள் இறக்கித் தேடச் சொல்லியிருந்தாராம்.

"செருப்பு இருக்குன்னா ஆளு இந்த வாசல் வழியா வரல. அம்புட்டுத்தான் அதுக்கு அர்த்தம்" என்றாள் ஹம்சவேணி. "ஸ்டீவ் செருப்பும் இங்கயா கெடந்துச்சு?"

கடைக்காரர் இல்லையென்று தலையாட்டினார். "அவரு மேலக் கோபுரத்துல பூக்காரம்மாகிட்டல்ல விடுவாரு."

மேற்கு வாசலுக்குச் சுற்றிக்கொண்டு போனார்கள். சித்திரை மாத வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. வெளியூர் ஆட்கள் சிலர் வெறுங்காலோடு, அடுப்பில் விழுந்தவர்கள் மாதிரி துள்ளித் துள்ளி நிழலைத் தேடி ஓடினார்கள். ரூத் அதைப் பார்த்தாள். தம்பியின் கால்கள் நினைவுக்கு வந்தன. தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பூக்காரி தங்கப்பொண்ணு, ஸ்டீவ் பெயரைக் கேட்டதுமே மாரில் அடித்துக்கொண்டாள்.

"நல்ல பிள்ளையாச்சே தாயி! என் ஸ்டூலுக்கு அடியிலதான் எப்பவும் செருப்ப விட்டுட்டுப் போகும். ரெண்டாம் பேருக்குத் தெரியாது. நேத்து எவளோ ஒருத்தி வந்து அதத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா!"

"யாரு?"

"யாரு கண்டா? கட்டியிருக்கது அரக்குப் பட்டு. பாத்தா வீட்டுப் பொம்பள மாதிரி இருக்கா. குனிஞ்சா, ஸ்டூலுக்கு அடியில கையவிட்டா, போட்டா, போயிட்டா. ஆம்பளச் செருப்பு, வார் அறுந்து செவப்பு நூலுல தச்சது. டப்பு டப்புன்னு இழுத்துக்கிட்டு ஓடுறா. 'ஏத்தா, ஏத்தா'ன்னு கத்துறேன், திரும்பலயே!"

"பட்டுச் சேலை கட்டிக்கிட்டுப் பழைய செருப்பத் திருடுறாளா?" என்றான் சங்கிலி. "நாளைக்குக் காரு வச்சிருக்கவன் வந்து என் ஆட்டோவுல ஸ்டெப்னியக் கழட்டுவான்."

அரக்குப் பட்டு. நேற்று ரம்யாஸ்ரீ கட்டியிருந்தது அதைத்தான் என்று புகாரிலேயே எழுதியிருந்தது. ரூத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள்! தானாகவே நடந்து போயிருக்கிறாள்! போகிற போக்கில் தன் தம்பியின் செருப்பையும் திருடிப் போட்டுக்கொண்டு, அவனை வெறுங்காலோடு அடிபட விட்டுவிட்டு...

ஹம்சவேணி ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், ரூத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டாள்.

"சங்கிலி, இந்தச் செருப்போட ரொம்பத் தூரம் நடக்க முடியாது. ஒங்க ஆளுங்ககிட்டக் கேளு."

ஆட்டோ ஸ்டாண்டில் சங்கிலிக்கு எல்லோரும் மாப்பிள்ளை. அழகுமலை என்ற டிரைவர் சீட்டிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவன், விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

"ஆமா மாப்ள, நேத்து உச்சி வெயிலுக்கு ஒரு பொண்ணு ஏறுச்சு. கால்ல அம்புட்டுப் பெரிய செருப்பு. தமுக்கத்துக்குப் போகணும்னுச்சு. பொருட்காட்சி தெறக்க இன்னும் நேரமிருக்கேம்மான்னேன். பரவால்லன்னுச்சு. எறங்கறப்பதான் காசில்லன்னு தெரிஞ்சது. சரி தாயி, நீ போன்னேன். கேக்கல. குனிஞ்சு கால் வெரல்ல கெடந்த மெட்டியக் கழட்டி என் கையில வச்சுட்டு, திரும்பிப் பாக்காமப் போயிருச்சு."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தான். சின்ன வெள்ளி மெட்டி.

"வீட்டுல காட்டலயா மாப்ள?"

"எவ மெட்டின்னு கேப்பாளேடா!"

ஹம்சவேணி அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "கழுத்துல நகை கெடந்துச்சா?"

"மஞ்சக் கயிறு மட்டும்தான்க்கா. கையி கூட வெறுங்கையி."

"முப்பது பவுன் போட்டவ, ஆட்டோவுக்கு மெட்டியவா கழட்டுவா?" ஹம்சவேணி மெட்டியை ரூத்தின் உள்ளங்கையில் வைத்தாள். "நகை லாட்ஜ்ல பெட்டிக்குள்ள இருக்கும். புகார்ல மட்டும்தான் காணாமப் போயிருக்கு."

"இது போதும்மா! இத இன்ஸ்பெக்டர்கிட்டக் காட்டுவோம். அவளா ஓடிப் போயிட்டான்னு சொல்லுவோம்."

"காட்டுனா என்ன ஆகும் தெரியுமா? இந்த அழகுமலையும் ஒன் தம்பி பக்கத்துல போய் உக்காருவான். பொணத்துக் கால்லருந்து மெட்டியக் கழட்டுனவன்னு எழுதுவாங்க. ஆளு வேணும் ரூத். உசுரோட, நடந்து வர்ற ஆளு."

அழகுமலை அவசர அவசரமாக வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டு போய்விட்டான்.

* * *

தமுக்கம் மைதானத்தில் அப்போதுதான் கேட் திறந்திருந்தது. அழகர்கோவிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பிய வெளியூர்க் குடும்பங்கள், சந்தனத் தலையோடு குழந்தை குட்டிகளை இழுத்துக்கொண்டு நுழைந்தன. அப்பளக் கடையில் எண்ணெய் புகைந்தது. மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிளை உறுமவிட்டு ஆள் கூப்பிட்டார்கள். ராட்டினம் வெறும் தொட்டில்களோடு சுற்றிக்கொண்டிருந்தது.

வளையல் கடை, பாத்திரக் கடை, அரசாங்க அரங்குகள், கண்ணாடி மாளிகை என்று ஒன்று விடாமல் கேட்டார்கள். அரக்குப் பட்டு, பெரிய செருப்பு. எவரும் பார்க்கவில்லை. சிலர் 'இங்க வர்ற கூட்டத்துல எவ காலப் பாக்கறது?' என்றார்கள். கண்ணாடி மாளிகையில் ரூத் தன்னையே பத்துப் பேராகப் பார்த்தாள். பத்துப் பேருக்கும் தலை கலைந்து, கண் வீங்கி, பைத்தியக்காரி மாதிரி இருந்தது.

வெயில் சாயத் தொடங்கியது. இந்த ஊரிலேயே அவள் இல்லையென்றால்? நேற்றே பஸ் ஏறியிருந்தால்? ஆறு மணிக்கு ஸ்டீவை ஜீப்பில் ஏற்றுவார்கள். நடக்க முடியாத காலோடு அவன் எப்படி ஜீப்பில் ஏறுவான்? கோச்சடை வீட்டில் அம்மா நேற்று ராத்திரியிலிருந்து முழங்காலில் நிற்கிறாள். போய் என்னவென்று சொல்வது?

"டீச்சர், ஒரு சர்பத் குடிங்க. மயங்கி விழுந்தீங்கன்னா ரெண்டு பேரத் தேடணும்" என்றான் சங்கிலி.

ரூத் டம்ளரை வாங்கினாள். உதட்டில் வைக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

மைதானத்தின் கோடியில் ஒரு ஒலிபெருக்கி அலறத் தொடங்கியிருந்தது.

"வாங்க வாங்க! ஐயாமாரே, அம்மாமாரே! கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாய மங்கை! கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் அதிசய மங்கை! பார்த்தவர் வியப்பார், பாராதவர் வருந்துவார்!"

"ஸ்டீவ்" என்றாள் ரூத்.

"என்னது?"

"அது ஸ்டீவ் குரல். எந்தம்பி பேசறான்!"

சங்கிலி அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். மயக்கம் தலைக்கேறிவிட்டது என்றே நினைத்துவிட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிற குரல் அது. ஒவ்வொரு வார்த்தையையும் முடிக்கும்போது கொஞ்சம் தூக்கி நிறுத்துகிற குரல். அக்காளுக்குத் தப்புமா? லாக்கப்பில் கிடக்கிறவன் இங்கே மைக்கில் எப்படிப் பேசுவான்?

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

சாக்குப் படுதா கட்டிய கூடாரம். வாசலில், தட்டில் தலையை வைத்த மாதிரி ஒரு பெண்ணின் படம். டிக்கெட் மேஜைக்குப் பக்கத்தில் மைக் முன்னால் ஆளே இல்லை. ஒரு டேப் ரிக்கார்டர் சுற்றிக்கொண்டிருந்தது.

"கேசட்டு!" சங்கிலி விசில் அடித்தான்.

ஹம்சவேணி ரூத்தின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "ஸ்டீவுக்கு சாயந்தரத்துல இங்க வேலையா?"

"இல்லம்மா. வெள்ளைக்காரங்க குரூப்ப ஒலி-ஒளிக் காட்சிக்கு மகாலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னுதான் வீட்டுல சொல்லுவான்." மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரின் தம்பி, பொருட்காட்சியில் கூவிக் கூப்பிடுகிறான் என்று தெரிந்தால் அக்காளுக்கு அவமானமாக இருக்கும் என்று மறைத்திருக்கிறான்.

மூன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

* * *

உள்ளே சிவப்புப் பல்பு. கயிற்றுக்கு அப்பால் ஒரு மேஜை, மேஜைமேல் பித்தளைத் தாம்பாளம், தாம்பாளத்தில் ஒரு தலை. காகிதக் கிரீடம், ஜிகினாப் பொட்டு, முகம் பூராவும் அப்பிய ரோஸ் பவுடர். மேஜைக்கு அடியில் நாலு கால்களும் பின்னாலிருக்கும் படுதாவும்தான் தெரிந்தன.

"காலத் தேடிக்கிட்டு வந்தோம் மேடம். இவனுக தலைய மட்டும் காட்டுறானுக" என்று முணுமுணுத்தான் சங்கிலி. "மேஜைக் காலுக்கு நடுவுல கண்ணாடி வச்சிருப்பானுக. பக்கத்துப் படுதாதான் அதுல தெரியும். ஒடம்பு கண்ணாடிக்குப் பின்னாடி குத்த வச்சிருக்கும்."

மீசைக்காரர் ஒருவர் கையில் குச்சியோடு நின்றார். காளை என்று பெயர், கூடாரம் அவருடையது.

"கேளுங்க, கேளுங்க! என்ன வேணாக் கேளுங்க!"

"ஒன் பேரு என்னா?" என்றது ஒரு சந்தன மொட்டை.

"மாயா" என்றது தலை.

"சாப்பாட்டுக்கு என்னா பண்ணுவ?"

"காத்தைக் குடிச்சு வாழறேன்."

கூட்டம் சிரித்தது. ஹம்சவேணி கயிற்றுக்குப் பக்கத்தில் போனாள். நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள். தமிழில் இல்லை. ஹம்சவேணி தன் வீட்டுக்குள் பேசுகிற சௌராஷ்டிர பாஷையில், தாய் மகளைக் கேட்பது மாதிரி.

ரூத்துக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. தலைக்குப் புரிந்தது. ஜிகினாப் பொட்டுக்குக் கீழே கண்கள் அகல விரிந்தன. உதடு துடித்தது. ரோஸ் பவுடரைக் கிழித்துக்கொண்டு இரண்டு கோடுகள் இறங்கின. துடைத்துக்கொள்ள அந்தத் தலைக்குக் கை இல்லை.

"அம்மா, அழுவுது!" என்று ஒரு குழந்தை வீறிட்டது.

காளை சட்டென்று விளக்கை அணைத்தார். "காட்சி முடிஞ்சிருச்சு! அந்தப் பக்கமாப் போங்க, போங்க!"

"என்ன கேட்டீங்க?" என்றாள் ரூத், இருட்டில்.

"சேலத்துலருந்து வந்த பொண்ணே, யார் அடிச்சா ஒன்னைன்னு கேட்டேன்."

கூடாரத்துக்குப் பின்னால், தகரப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. சிவப்பு நூல் தையல். ரூத் அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். மேஜைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்த பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒன்னால எந்தம்பி சாகறான்டி! செய்யாத கொலைக்கு உள்ள கெடக்கான்! நீ இங்க பொம்மை ஆட்டம் ஆடறியா?"

அவள் தடுக்கவில்லை. வலியில் முனகினாள். ரூத் கையை எடுத்தாள். பழைய நைட்டியின் தோள்பட்டை நகர்ந்திருந்தது. அங்கே கன்றிப்போன நீலம், அதற்கு மேல் பழுத்த மஞ்சள், அதற்குக் கீழே வட்ட வட்டமாகச் சிகரெட் சுட்ட தழும்பு. கழுத்துக்கு மேலே ஒரு கீறல் கிடையாது. புடவை மறைக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து அடித்திருந்தான்.

சங்கிலி வெளியே போய்த் திரும்பி நின்றுகொண்டான்.

"கொலையா? யார் உள்ள?" ரம்யாஸ்ரீ காளையைப் பார்த்தாள். "ஸ்டீவ் அண்ணனா? நீங்க ஒண்ணுமே சொல்லலயே! ராத்திரி வர்றேன்னாரு, வரல, பயந்துட்டாரு போலன்னுல்ல நெனச்சேன்!"

காளை மீசையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோற ஆளுகிட்ட ஸ்டீவு ராத்திரியே சொல்லி விட்டான். 'அண்ணே, அந்தப் பிள்ளைய மட்டும் வெளிய விட்றாதீக. நான் உள்ள இருக்கேன்னும் சொல்லாதீக. சொன்னா நேரா இங்க வந்து நின்னுரும்'னு. இங்கயும் ஏட்டு ஒருத்தரு போட்டோவத் தூக்கிக்கிட்டுத் தேடி வந்தாரு. எனக்கு வேற வழி தெரியல, மேஜைக்குள்ள எறக்கி விட்டுட்டேன். அவரும் முன்னாடி நின்னு, தலையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போயிட்டாரு."

ரூத் தகரப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டாள். வெளி உலகத்துக்கு ஒரே ஒரு சொல் அனுப்ப அவனுக்கு வழி கிடைத்திருக்கிறது. அதை அவன் அக்காளுக்கு அனுப்பவில்லை. வக்கீலுக்கு அனுப்பவில்லை.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்று ஹம்சவேணியைக் கேட்டாள்.

"ஸ்டூலுக்கு அடியில செருப்பு இருக்குன்னு அவன் சொல்லாம இவளுக்கு எப்படித் தெரியும்? திருடறவ நல்ல செருப்பாப் பாத்துல்ல எடுப்பா? அப்பவே தெரியும். சொல்லியிருந்தா நீ நேரா லாக்கப்புக்குப் போய் அவன் காலப் புடிச்சிருப்ப. இன்ஸ்பெக்டரும் பக்கத்துல நின்னு கேட்டிருப்பாரு."

ரம்யாஸ்ரீ படுதாவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"மண்டபத்துல போட்டோ எடுக்க எங்க வீட்டுக்காரரு என் கையப் புடிச்சு நிறுத்துனாரு. நான் துடிச்சத ஸ்டீவ் அண்ணன் பாத்துட்டாரு போல. வீட்டுக்காரரு வெளிய போனதும் நான்தான் கேட்டேன், இந்தக் கோவிலுக்கு எத்தன வாசல்னு. எதுக்கும்மான்னு அண்ணன் கேக்கவே இல்ல. மேலக் கோபுரம், பூக்காரம்மா ஸ்டூலு, ஆட்டோ, இந்தக் கூடாரம், எல்லாம் அப்படியே மண்டபத்தோட சரித்திரம் சொல்ற மாதிரி, சிரிச்ச மொகமாச் சொன்னாரு. ஆளுங்க சுத்தி நின்னாங்க."

வெளியே மரணக் கிணறு உறுமியது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

ரூத் அவள் முன்னால் மண்டியிட்டாள். இப்போது குரலில் கோபம் இல்லை.

"ஒன் காயத்தப் பாத்த பிறகு, வான்னு கூப்பிட எனக்கு நாக்கு வரல. ஆனா வேற கதி இல்லம்மா எனக்கு. அவனால காலக் கீழ வைக்க முடியல."

"ஸ்டேஷனுக்குப் போனா அவருகிட்டத்தான் ஒப்படைப்பாங்க. ஒரு தடவ சேலத்துல போனேன். அப்படித்தான் செஞ்சாங்க."

"ஸ்டேஷனுக்குப் போகல" என்றாள் ஹம்சவேணி. "நேரா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி. நீ மைனர் இல்ல. எங்க இருக்கணும்னு நீ சொல்றதுதான். ஆனா நீதான் சொல்லணும். நான் சொன்னாச் செல்லாது, இவ சொன்னாலும் செல்லாது."

ரம்யாஸ்ரீ கிரீடத்தைக் கழற்றிக் காளையிடம் கொடுத்தாள். பக்கெட் தண்ணீரில் முகத்தைக் கழுவி, அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டாள்.

* * *

மாஜிஸ்ட்ரேட் வீட்டு முன்கூடத்தில் இன்ஸ்பெக்டர் காகிதங்களோடு நின்றார். விஜய்ஆனந்த் வெள்ளைச் சட்டையும் சோகமுமாக ஓரத்தில் நின்றான். இரண்டு கான்ஸ்டபிள்கள் ஸ்டீவைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். வாசலில் ரம்யாஸ்ரீயைக் கண்டதும், அத்தனை அடிக்கும் அழாதவன், உடைந்து அழுதான்.

"ஏன்க்கா கூட்டிட்டு வந்த? ஏன்க்கா?"



மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரம்யாஸ்ரீயைப் பார்த்தார். "இந்த ஆள் உன்னைக் கடத்திக்கொண்டு போனானா?"

"இல்லீங்க ஐயா. நான் வழி கேட்டேன். அவரு காட்டுனாரு."

"நகை?"

"எல்லாம் எங்க வீட்டுக்காரரு பெட்டியில இருக்கு. சாவி அவரு இடுப்புல."

பிறகு ஹம்சவேணி ஏதோ சொல்ல, ரம்யாஸ்ரீ புடவைத் தலைப்பைத் தோளிலிருந்து விலக்கிக் காட்டினாள். மாஜிஸ்ட்ரேட் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் குனிந்து, ஸ்டீவின் கால்களைப் பார்த்தார். எப்போது பிடித்தீர்கள் என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார். நேற்று மத்தியானம் என்றார் இன்ஸ்பெக்டர்; இருபத்து நாலு மணி நேரம் தாண்டியிருந்தது. மாஜிஸ்ட்ரேட் நெடுநேரம் எழுதினார். எழுத எழுத இன்ஸ்பெக்டரின் நெற்றி வியர்த்தது. ஸ்டீவை அங்கேயே விட்டுவிடச் சொன்னார். அந்தப் பெண் அவள் விருப்பப்பட்ட இடத்துக்குப் போகலாம் என்றார்.

வெளியே வந்தபோது மாலை வெயில் மஞ்சளாகக் கிடந்தது. சங்கிலி ஸ்டீவைக் குழந்தை மாதிரித் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தான்.

ரம்யாஸ்ரீயின் கை ரூத்தின் கைக்குள் இருந்தது. விஜய்ஆனந்த் படியிறங்கி அவர்களிடம் வந்தான். கத்தவில்லை, மிரட்டவில்லை. முகத்தில் அப்படி ஒரு கனிவு.

"ரம்யா, மத்தியானம் சாப்பிட்டியா இல்லியா? வா. ரயிலுக்கு நேரமாச்சு. பெட்டியெல்லாம் கட்டியாச்சு."

ரூத்தின் கையிலிருந்த கை சில்லிட்டுப் போனது. ரம்யாஸ்ரீயின் கண் தரையில் பதிந்தது. முகம் அந்தத் தாம்பாளத்துத் தலையை விட வெறுமையாக மாறியது. கால், அதன் பாட்டுக்கு, ஓர் அடி முன்னால் போயிற்று. எத்தனை வருஷப் பழக்கமோ! அடுத்த அடிக்கும் தூக்கிவிட்டாள்.

ஹம்சவேணி அசையவில்லை. நீதான் சொல்லணும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டவள் அவள். ரூத்துக்கு வந்த காரியம் முடிந்துவிட்டது. தம்பி ஆட்டோவில் இருக்கிறான், வீட்டில் அம்மா காத்திருக்கிறாள். இருந்தாலும் அவள் அந்தக் கையை விடவில்லை. இழுக்கவும் இல்லை. வலிக்கிற இடம் படாமல், விரல்களை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தூக்கிய கால் நின்றது. மெல்லப் பின்னுக்கு வந்தது.

"நான் வரல" என்றாள் ரம்யாஸ்ரீ. அவர்கள் வீட்டுப் பாஷையில் சொல்லவில்லை. தமிழில், வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.